பெயர்ப்பலகை உயிரைக் காக்குமா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஏர்பிடித்து வாழும் உழவனுக்கும் ஆகாய விமானத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உளர். காசுள்ளவன் பறக்கின்றான், கமக்காரன் அண்ணாந்து பார்க்கின்றான். இதில் வவுணதீவு மக்கள் வாய்திறப்பதற்கு என்ன இருக்கின்றது என்பது அவர்களின் வாதம். இவ்வாதத்தை நாம் அடியோடு மறுக்கின்றோம். வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் திமிலைதீவு. திமிலைதீவிலே விமான நிலையம். அங்கு வந்து போகும் விமானம் நம் வாவிக்கு மேலாகவும் நம் வயல்களுக்கு மேலாகவும் தாழ்ந்து பறக்கின்றது. அது நலமாக இறங்கினால் பெருமை மந்திரிமாருக்கு. அது விழுந்தால் விழுவது யார் தலையில்? முதலில் தோணி தள்ளி ஓடப்போவது யார்? வயல் எரிந்தால் வயிறு எரியப்போவது யாருக்கு? ஆகவே இது பறப்பவனின் பிரச்சினை மட்டுமன்று. தரையில் நிற்பவனின் பிரச்சினையுமாகும்.

இந்நிலையத்தின் வரலாற்றை வாசகர்களுக்குச் சுருங்க நினைவூட்டுகின்றோம். 1958ஆம் ஆண்டில் பொதுமக்களின் போக்குவரத்துக்கென்று திறக்கப்பட்ட நிலையம் இது. 1983இல் விமானப்படை இதனைத் தன் கைக்குள் எடுத்துக்கொண்டது. முப்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்தபின், 2016 ஜூலையில், மீண்டும் பொதுமக்களுக்கென்று திறப்புவிழா நடந்தது. 2018 மார்ச்சில் ‘சர்வதேச விமான நிலையம்’ என்ற பட்டமும் சூட்டப்பட்டது. மாலை விழுந்தது, மேளம் முழங்கியது, படமும் எடுத்தாயிற்று. ஓடுபாதையோ ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் நீளந்தான். பெரிய ஜெற் விமானங்களுக்கு அது போதாது என்பதை அத்துறை அறிந்தவர் எவரும் மறுக்கமாட்டார்.

நாம் கேட்பது ஒன்றே. பட்டம் தருவதற்கு ஒரு நாள் போதும். பாதுகாப்புத் தருவதற்கு எத்தனை நாள்? அந்த வேலை எங்கே, எவர் கையில், எந்த நிலையில் இருக்கின்றது? இந்தக் கணக்கை இம்மாவட்ட மக்களின் முன் வைக்கவேண்டும் என்பதே நமது கோரிக்கை.

சொல் ஒன்று, பொருள் இரண்டு

‘பாதுகாப்பு’ என்ற சொல்லைத் தமிழ் மக்கள் போதுமான அளவு கேட்டுவிட்டார்கள். பல்லாண்டுகள் வவுணதீவு ஒரு சோதனைச் சாவடியின் பெயராகவே நாட்டுக்குத் தெரிந்திருந்தது. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே நெல்மூடையும் நோயாளியும் பள்ளிப் பிள்ளையும் வரிசையில் நின்றது ‘பாதுகாப்பு’ என்ற பெயரால். பலாலியில் 1990 முதல் வலிகாமம் வடக்கு மக்கள் செம்மண் தோட்டங்களையும் வீடுகளையும் இழந்து முகாம்களில் ஒதுங்கியது ‘உயர் பாதுகாப்பு வலயம்’ என்ற பெயரால். விமானத் தளம் என்றால் நிலம் போகும் என்பதே தமிழ் உழவன் பட்டறிந்த பாடம்.

அந்தப் பாதுகாப்பு ஆட்சியாளருக்குரியது. நாம் இன்று கேட்கும் பாதுகாப்பு மக்களுக்குரியது. விமானத்தில் ஏறியவன் உயிரோடு இறங்கவேண்டும். அதன் கீழே வாழ்பவன் அச்சமின்றி உறங்கவேண்டும். இவ்விரண்டையும் உறுதிசெய்யும் ஒழுங்குக்கே இப்பெயர் உரியது. முன்னையது துப்பாக்கியோடு நின்றது. பின்னையது அளவுகோலோடும் பதிவேட்டோடும் நிற்பது. முன்னையது வினாக் கேட்பவனைச் சந்தேகித்தது. பின்னையது வினாக் கேட்பவன் இல்லாமல் நடக்கவே மாட்டாது. இவ்வேறுபாட்டை உணராத அதிகாரி, நாம் ஓடுபாதையைப் பற்றிக் கேட்டால் இரகசியம் என்பார். ஓடுபாதை முனையின் நிலையும், அங்கே மோதிய பறவைகளின் எண்ணிக்கையும் எந்நாட்டிலும் இராணுவ இரகசியங்கள் அல்ல.

முவான் நமக்குச் சொல்லும் பாடம்

தென்கொரியாவில் முவான் என்றொரு விமான நிலையம் உண்டு. 2007இல் திறக்கப்பட்டது, கடலோரச் சேற்றுநிலங்களுக்கு அருகே அமைந்தது, வலசைப் பறவைகள் குளிர்காலத்தில் கூடுமிடம். பிரதேச அபிவிருத்தி என்ற பேச்சோடு பிறந்த அந்நிலையத்தைப் பல்லாண்டுகள் போதிய பயணிகள் நாடவில்லை. 2024 டிசெம்பர் 29ஆம் நாள் காலை, ஜெஜு எயார் நிறுவனத்தின் விமானமொன்று 181 பேருடன் அங்கே இறங்க வந்தது. பறவைகள் இயந்திரங்களில் மோதின. விமானம் சில்லுகளை இறக்காமலே வயிற்றால் ஓடுபாதையில் சறுக்கிச் சென்றது. ஓடுபாதையின் முனைக்கு அப்பால் ஏறத்தாழ 250 மீற்றர் தூரத்தில், வழிகாட்டும் வானலைக் கருவியைத் தாங்குவதற்காகக் கொங்கிறீற்றால் கட்டப்பட்ட மண்மேடு நின்றது. அதில் மோதி வெடித்தது. 179 பேர் மாண்டனர், தப்பியவர் இருவரே.

வாசகர்களே, இதனை நிறுத்திப் படியுங்கள். பறவை மட்டும் கொன்றதா? மேடு மட்டும் கொன்றதா? இரண்டும் சேர்ந்தன. மோதினால் நொறுங்கி வழிவிடவேண்டிய தாங்கியை மோதினால் அசையாத திடமாகக் கட்டிவைத்த மனிதப் புத்தியும் அவற்றோடு சேர்ந்தது. பல்லாண்டுகள் அந்த மேடு அங்கேயே நின்றது. விமானங்கள் நலமாக இறங்கிய ஒவ்வொரு நாளும், ‘நேற்று ஒன்றும் நடக்கவில்லை, ஆகவே இன்றும் நடக்காது’ என்ற பொய்யான தைரியத்தையே வளர்த்தது.

நம் கமக்காரருக்கு இது புரியாத தத்துவமன்று. குளக்கட்டு ஒரே நாளில் உடைவதில்லை. ஓரிடத்தில் நண்டு வளை; இன்னோரிடத்தில் ஆடுமாடு மிதித்துத் தாழ்ந்த வரம்பு; வேறோரிடத்தில் துருவேறித் திறக்கமுடியாத துருசு. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் சிறு குறை. அடைமழை பெய்யும் இரவில் அவை ஒன்றோடொன்று கைகோத்தால் குளம் போய்விடும். விமான விபத்தும் அவ்வாறே நிகழ்கின்றது. ஆதலால் அறிவுள்ளவர் வெள்ளத்தை வைது பயனில்லை என்று உணர்ந்து, கோடையிலேயே வளையைத் தேடி அடைக்கின்றனர். ஆபத்தை முன்னறிந்து ஆளும் முறை என்று உலகம் இன்று சொல்வதன் சாரம் இதுவே. உலக விமானப் போக்குவரத்து அமைப்பு இதற்கெனத் தனியே ஒரு விதித்தொகுதியை, 19ஆம் இணைப்பு என்ற பெயரில், 2013இல் வகுத்தது.

இப்பொழுது திமிலைதீவைப் பாருங்கள். சுற்றிலும் வாவி, அப்பால் நெல்வயல். மாரிகாலத்தில் வலசைப் பறவைகள் வந்து சேரும் நீர்நிலை. கொக்கும் நீர்க்காகமும் கூழைக்கடாவும் செம்பருந்தும் இங்கு குடிகள். நம்மினும் பழைய குடிகள். உழவு யந்திரம் சேற்றைக் கிளறினால் அதன் பின்னே கொக்குக் கூட்டம் நடக்கும். அறுவடை முடிந்த வயலில் சிந்திய மணியைத் தேடிப் பறவை இறங்கும். திறந்தவெளியில் குப்பை கொட்டினால் காகமும் பருந்தும் வட்டமிடும். திருப்பெருந்துறைக் குப்பைமேட்டை எதிர்த்து அவ்வூர் மக்கள் போராடியதை இம்மாவட்டம் அறியும். அவர்கள் துர்நாற்றத்துக்கும் நோய்க்கும் எதிராகப் போராடினார்கள். விமானப் பாதுகாப்பும் அவர்கள் பக்கமே நின்றது. விமான நிலையத்திலிருந்து 13 கிலோமீற்றர் சுற்றளவுக்குள் பறவையைக் கவரும் குப்பைமேடு ஆகாது என்பது சர்வதேச வழிகாட்டல். அன்று அம்மக்களின் குரலோடு இவ்வாதத்தையும் சேர்த்து எத்தனை அதிகாரிகள் பேசினார்கள்?

மத்தளையில் ஊதிய சங்கு

தென்கொரியா தொலைவில் இருக்கின்றது என்று சொல்வோருக்கு மத்தளையைக் காட்டுகின்றோம். 2013 மார்ச்சில், காடும் குளமும் சூழ்ந்த இடத்தில், சீனக் கடனை வாங்கிக் கட்டிய சர்வதேச விமான நிலையம் அது. பறவைகள் கூடும் இடம், யானைகள் நடமாடும் இடம் என்பது அங்கே கட்டுமுன்னரே கிராமத்துச் சிறுவனுக்கும் தெரிந்த செய்தி. திறந்த பின்னர் விமானங்களில் பறவைகள் மோதின. 2016இல் படையினரையும் பொலிசாரையும் இறக்கி, ஓடுபாதைப் பக்கம் வந்த காட்டு விலங்குகளையும் பறவைகளையும் விரட்டும் நிலை வந்தது. இடத்தைத் தெரிந்தெடுத்தது அரசியல்; மாலையைப் போட்டுக்கொண்டதும் அரசியல்; மானையும் மயிலையும் துரத்தும் வேலை மட்டும் சாதாரண சிப்பாய்க்கு. விழாவை முதலிலும் ஆராய்ச்சியைப் பின்னரும் வைத்தால் வரும் விளைவு இது.

சிலர் உடனே நம்மைப் பார்த்து, ‘அப்படியானால் மட்டக்களப்புக்கு விமான நிலையமே வேண்டாமா?’ என்று கேட்பர். வேண்டும் என்றே நாம் சொல்கின்றோம். நோயாளிக்கும் வேண்டும், வணிகனுக்கும் வேண்டும், கடல்கடந்து வாழும் உறவினருக்கும் வேண்டும், வெள்ளமும் புயலும் வந்து தரைப்பாதைகள் அறுந்துபோகும் வேளையில் எல்லோருக்கும் வேண்டும். 1978 நவெம்பர் புயலைக் கண்ட மாவட்டம் இது. அதன் அருமையை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனாலேயே அது உறுதியான நிலையமாக இருக்கவேண்டும் என்கின்றோம். ‘பாதுகாப்பில்லை’ என்று சொல்லி நிலையத்தை முடக்கிப் போடுவதும் அநீதி. பாதுகாப்பைச் செய்யாமல் பெயரை மட்டும் சூட்டுவதும் அநீதி. முன்னையது புறக்கணிப்பு, பின்னையது ஏமாற்று. இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு. அது காசு செலவழித்து வேலையைச் செய்வது.

எச்சரித்தவனை யார் கேட்டார்?

இந்தியாவில் மங்களூரில் 2010 மே 22ஆம் நாள் ஒரு விமானம் குன்றின் மேலுள்ள ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் வீழ்ந்தது; 158 உயிர்கள் போயின. அதன்பின், கோழிக்கோட்டு ஓடுபாதையும் அதேபோல் ஆபத்தானது, மழைக்காலத்தில் அங்கே இறங்குவது உயிருக்கு விலைபேசுவது என்று அத்துறை வல்லுநர் ஒருவர் 2011இலேயே எழுத்துமூலம் எச்சரித்தார். ஒன்பது ஆண்டுகள் சென்றன. 2020 ஆகஸ்ட் 7ஆம் நாள் மழையிரவில் அதே கோழிக்கோட்டில் இன்னொரு விமானம் ஓடுபாதையைத் தாண்டி வீழ்ந்து பிளந்தது. 21 பேர் மாண்டனர். விசாரணை அறிக்கை விமானி விதிமுறையைப் பின்பற்றாததைச் சுட்டியது. அது உண்மையே; அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் விமானியின் பிழையை மன்னிக்கும் அளவு இடம் ஓடுபாதையின் முனையில் இருந்திருந்தால், அத்தனை பேர் மாண்டிருக்கமாட்டார்கள் என்பதும் உண்மை. மனிதன் பிழை செய்வான் என்று தெரிந்தே விதிகள் வகுக்கப்படுகின்றன. ஓடுபாதையின் முனைப் பட்டைக்கு அப்பால் குறைந்தது 90 மீற்றர், இயன்றால் 240 மீற்றர், தடையற்ற சமதரை வேண்டும் என்று சர்வதேச விதி கூறுவது இதற்காகவே. திமிலைதீவில் இந்த அளவு எத்தனை? அளந்த நாள் எது? அளந்தவர் யார்? விடை ஒரு தாளில் அடங்கும். அந்தத் தாளைத் தாருங்கள்.

சட்டம் கற்றவர் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். குற்றவாளியைத் தேடுவது வேறு. காரணத்தைத் தேடுவது வேறு. 1944இல் சிக்காகோவில் கைச்சாத்தான சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1948இலேயே சேர்ந்துகொண்டது. அதன் 13ஆம் இணைப்பு, 1951 முதல், விபத்து விசாரணைக்கு நெறிவகுத்துள்ளது. அடுத்த விபத்தைத் தடுப்பதே விசாரணையின் ஒரே நோக்கம். பழியையும் பொறுப்பையும் பங்கிடுவதன்று என்பது அந்நெறியின் அடிப்படை. இதைக் கேட்டு, ‘குற்றம் செய்தவனைத் தப்பவிடுவதா?’ என்று கொதிப்பவர் உண்டு. நீதிமன்றத்தின் கதவை எவரும் மூடவில்லை. அது தன் வேலையைத் தனியே செய்யட்டும். ஆனால் தன் கண்ணில் பட்ட குறையைச் சொன்ன தொழிலாளி மறுநாள் வேலையிழப்பான் என்றால், குறையை எவன் சொல்வான்? கட்டில் கசிவைக் கண்ட வட்டை விதானைக்குத் தண்டம் விதித்தால், அடுத்த கசிவை அவன் காணாதவன்போலவே நடந்துபோவான், கட்டு உடையும். வாய்மையைத் தண்டிக்கும் நாட்டில் விபத்து ஓயாது. விமானத்துறை இன்று முன்னைய தலைமுறையைக் காட்டிலும் பன்மடங்கு பாதுகாப்பாக இருப்பதற்கு இயந்திரங்களின் முன்னேற்றம் ஒரு காரணம்; சொல்பவனைக் காத்து, சொன்னதைப் பதிந்து, பதிந்ததை எல்லோருக்கும் அறிவித்த ஒழுங்கு மற்றொரு காரணம்.

இந்த ஒழுங்குக்கு ஓர் எல்லையும் உண்டு. சிக்காகோ உடன்படிக்கை சிவில் விமானங்களுக்கே உரியது. இராணுவ விமானங்களுக்கு அன்று. 2025 மே 9ஆம் நாள் மாதுறு ஓயா நீர்த்தேக்கத்தில் விமானப்படை ஹெலிகொப்டர் வீழ்ந்து 6 படையினர் உயிரிழந்தனர். அத்தகைய விபத்தைப் படையே விசாரித்துக்கொள்ளும். படைத்தளமும் பொதுமக்கள் நிலையமும் ஒரே ஓடுபாதையைப் பங்கிட்டுக்கொண்ட வரலாறுடைய திமிலைதீவில் இது வெறும் ஏட்டுச் சிக்கலன்று. பறவையும் குழியும் கால்நடையும் படை விமானம், பயணிகள் விமானம் என்று பார்த்து வருவதில்லை. ஆதலால் அந்த ஓடுபாதையில் நிகழும் ஒவ்வொரு ஆபத்தும், எவர் விமானமாயினும், ஒரே பதிவேட்டில் ஏறவேண்டும்.

கடலில் கிடந்த விடை

ஆபத்தை அறிந்தும் அதைப் பயணிக்குச் சொல்லாமல் விடுவதன் விலையை நம் மக்கள் கொடுத்திருக்கின்றார்கள். 1998 செப்டெம்பர் 29ஆம் நாள் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னாருக்கு அப்பால் கடலில் மறைந்தது. 48 பயணிகளும் 7 பணியாளர்களுமாக 55 பேர். பயணிகளில் மிகப் பெரும்பாலோர் தமிழர். விடுதலைப் புலிகள் ஏவுகணையால் அதனை வீழ்த்தினர் என்பது பின்னர் புலனாய்வில் வெளிவந்தது. தரைப்பாதை மூடப்பட்ட குடாநாட்டில், வேறு வழியற்று விமானமேறிய சாதாரண மனிதர்கள் அவர்கள். அவர்களைச் சுட்டவர்களின் செயலை எந்த இலட்சியமும் நியாயப்படுத்தாது என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்கின்றோம். போர் வானத்தின் ஊடே அவ்விமானங்களைப் பறக்கவிட்டவர்களின் பொறுப்பையும் அதே தராசில் வைக்கின்றோம். 2012இல்தான் சிதைவுகள் கடலடியில் கண்டறியப்பட்டன. பதினான்கு ஆண்டுகள் தாய்மார் வாசலைப் பார்த்துக் காத்திருந்தார்கள்.

2014 ஜூலை 17ஆம் நாள் உக்ரேன் வானில் மலேசிய விமானம் வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டபோதுதான், போர்நிலங்களின் மேலாகப் பறப்பதன் ஆபத்தை எவ்வாறு கணித்து எவருக்கு அறிவிப்பது என்று உலகம் பரபரப்போடு விதிகளைத் திருத்தத் தொடங்கியது. பதினாறு ஆண்டுகளுக்கு முன்னரே 55 உயிர்கள் அந்தப் பாடத்தை எழுதிவைத்திருந்தன. படிப்பதற்கு எவரும் முன்வரவில்லை. ஏழையின் சாவு பாடநூல் ஆவதில்லை போலும்!

புரியாத மொழி இன்னோர் ஆபத்து

1956இல் தமிழின் உரிமை பறிக்கப்பட்டது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியது. எழுத்தில் கிடைத்தது, ஆபத்து வேளையில் கிடைக்கின்றதா என்பதே கேள்வி. விமானம் புகைந்து கொண்டிருக்கையில் ‘இப்பக்கம் வெளியேறுக’ என்பதைத் தமிழ் மூதாட்டி எம்மொழியில் கேட்கப்போகின்றாள்? வாவிக்கரை மீனவனிடம் மீட்புக் குழு எம்மொழியில் பேசப்போகின்றது? 1977 மார்ச் 27ஆம் நாள் தெனெரிபேயில் இரண்டு பெரும் விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் மாண்டதற்கு, மூடுபனியோடு சேர்ந்து, ஒரு தெளிவற்ற வாசகமும் காரணமாயிற்று என்பது உலகறிந்த உண்மை. தேர்ந்த விமானிகளுக்கே அந்த நிலையென்றால், பயந்து நிற்கும் பயணிக்கு என்ன நிலை? தமிழ் மாவட்டத்துக்கு வரும் விமானத்தில் தமிழில் அறிவிப்பு என்பது சலுகையன்று, உயிர்காக்கும் கருவி.

மீட்பு என்றதும் மற்றொன்றும் நினைவுக்கு வருகின்றது. 2009 ஜனவரி 15ஆம் நாள் நியூயோர்க்கில் வாத்துக் கூட்டம் மோதி இரு இயந்திரங்களும் நின்றுபோன விமானத்தை, அதன் தலைவன் ஹட்சன் ஆற்றில் இறக்கினான். 155 பேரும் பிழைத்தனர். விமானியின் திறமையை உலகம் புகழ்ந்தது, தகும். அந்தக் குளிர்நீரிலிருந்து மக்களை முதலில் ஏற்றியவர்களோ அருகில் ஓடிக்கொண்டிருந்த ஓடக்காரர்கள். திமிலைதீவு விமானம் வாவியில் இறங்கினால் முதலில் போய்ச் சேர்வது எவர் தோணி? நம் மீனவர் தோணி. நீர்நிலைக்கு மேலாக விமானங்கள் இறங்கி ஏறும் நிலையங்களில் அதற்கென்று தனியான மீட்புக் கருவிகள் வேண்டும், இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையேனும் முழுமையான ஒத்திகை வேண்டும் என்று சர்வதேச விதி சொல்கின்றது. அந்த ஒத்திகைக்கு வவுணதீவு மீனவரையும் திமிலைதீவு மீனவரையும் அழையுங்கள். உயிர்காப்பு அங்கி தாருங்கள், பயிற்சி தாருங்கள். வாவியின் ஆழமும் மேடும் அவர்களுக்குத் தெரிந்ததுபோல் எந்த வரைபடத்துக்கும் தெரியாது.

நம்மிடம் முறை உண்டு

‘இவை நிபுணர் விவகாரம், உழவனுக்கு என்ன தெரியும்?’ என்பார்கள். உழவனுக்குக் கூடி முடிவெடுக்கத் தெரியும். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர், நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின்படி, அதிகாரிகளும் கமக்காரரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து பயிர்ச்செய்கைக் கூட்டம் நடத்துகின்றார்கள். எப்போது விதைப்பு, எப்போது தண்ணீர், எப்போது வேலி அடைப்பு, எப்போது கால்நடைகளை அப்புறப்படுத்துவது என்று தீர்மானிக்கின்றார்கள். அத்தீர்மானம் சட்டத்தால் கட்டுப்படுத்தும்; மீறினால் தண்டனை உண்டு. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை இப்படிப் பங்கிடத் தெரிந்த மக்களுக்கு, தங்கள் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பற்றிப் பேசத் தெரியாதா?

ஆகவே அதே முறையில் விமான நிலையத்துக்கும் ஒரு கூட்டம் வேண்டும் என்கின்றோம். ஆண்டுக்கு இருமுறை, மாரிக்கு முன் ஒன்றும் அறுவடைக்கு முன் ஒன்றும். அரசாங்க அதிபர் தலைமை தாங்கட்டும். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை, விமான நிலைய நிருவாகம், விமானப்படை, மாநகரசபை, பிரதேச செயலகங்கள், கமக்காரர் அமைப்புகள், மீனவர் சங்கங்கள் யாவும் அமரட்டும். எந்த வட்டையில் எந்த நாளில் உழவு, எந்த நாளில் அறுவடை என்று வட்டை விதானை சொன்னால், எந்த நாளில் கொக்கு எழும் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு முன்கூட்டியே தெரியும். வைக்கோல் எரிக்கும் புகை, சிறுவர் விடும் பட்டம், மருந்து தெளிக்கும் ட்ரோன், ஓடுபாதைப் பக்கம் போகும் மாடு ஆகிய யாவும் அங்கே பேசப்படட்டும். தடையுத்தரவு ஒட்டிவிட்டுப் போவதை விட, கூடிப் பேசிச் செய்த உடன்பாடு நீடித்து நிற்கும்.

இங்கே நமது நிபந்தனை ஒன்றையும் அழுத்திச் சொல்கின்றோம். பறவையைக் காரணங்காட்டி வயலைப் பறிக்கும் எண்ணம் எவருக்கேனும் இருந்தால், அதை இன்றே கைவிடுக. ஒரு தென்னையை வெட்டவேண்டுமென்றால் அதற்கும் சட்டப்படி நட்டஈடு உண்டு. ஒரு துண்டு நிலம் உண்மையாகவே வேண்டுமென்றால், அளவைக் காட்டி, காரணத்தைக் காட்டி, பெறுமதியைக் கொடுத்துக் கேட்கவேண்டும். பாதுகாப்பு என்ற சொல்லைச் சொல்லி வேலியை நகர்த்தும் காலம் முடிந்துவிட்டது.

நாம் கேட்பவை

ஒன்று: ஓடுபாதையின் நீளம், முனைப் பாதுகாப்பு நிலம், அங்குள்ள தடைகள், தீயணைப்பு வசதி ஆகியவற்றை அளந்து தமிழில் வெளியிடுக. இரண்டு: பறவை மோதல் உட்பட ஒவ்வொரு ஆபத்துச் சம்பவத்தையும் ஒரே பதிவேட்டில் ஏற்றி ஆண்டுதோறும் மக்களுக்கு அறிவிக்குக. மூன்று: மேற்சொன்ன கூட்டத்தைச் சட்ட வலுவோடு அமைக்குக. நான்கு: வாவி மீட்புக்கு மீனவரைப் பயிற்றுவித்து ஒத்திகை நடத்துக. ஐந்து: அறிவிப்புகளும் விபத்து அறிக்கைகளும் தமிழிலும் வருக.

இவற்றுள் எதுவும் நிலாவைப் பிடித்துத் தருமாறு கேட்பதன்று. 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டம் இருக்கின்றது. 2002 முதல் அதிகாரசபை இருக்கின்றது. தகவல் அறியும் உரிமையை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் ஒவ்வொரு குடிமகனுக்கும் தந்திருக்கின்றது. தருபவர் தராவிட்டால் கேட்டுப் பெறும் வழி திறந்தே உள்ளது. கமக்காரர் அமைப்பு ஒன்று ஒரு தாளில் எழுதிக் கேட்டால் போதும்; விடை தரவேண்டியது அவர்கள் கடமை. விடை தராவிட்டால் மேன்முறையீடு. அங்கும் தராவிட்டால் ஆணைக்குழு. இந்த மாவட்டத்துச் சட்டத்தரணிகளும் பொறியியலாளரும் வைத்தியர்களும் ஆசிரியர்களும் அந்தத் தாளை எழுதிக்கொடுக்கும் சிறு வேலையையாவது செய்யட்டும். படித்தவன் பேனாவும் உழவன் கையொப்பமும் ஒரு தாளில் சேர்ந்தால், அதைக் குப்பைக்கூடையில் போடும் துணிவு எந்தக் கந்தோருக்கும் எளிதில் வராது.

இந்த ஒழுங்கு விமானத்தோடு நின்றுவிடவும் கூடாது. 2021 நவெம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டும் வேலை நடக்கையில் மாற்றாக ஓடவிட்ட இழுவைப்படகு கவிழ்ந்து பள்ளிச் சிறார் நீரில் மாண்டனர். அந்தப் படகுக்கு யார் அளவு பார்த்தார்? எத்தனை பேர் ஏறலாம் என்று யார் எழுதி ஒட்டினார்? விமானத்தில் ஏறுபவனுக்கு ஒரு நீதி, ஓடத்தில் ஏறுபவனுக்கு வேறொரு நீதி என்பது எந்த அறநூலில் உள்ளது? நம் வாவியின் ஓடத்துறைகளிலும் இதே அளவுகோல், இதே பதிவேடு, இதே விசாரணை வரவேண்டும். வானத்தில் கற்ற பாடம் நீரிலும் நிலத்திலும் இறங்கட்டும்.

வெள்ளம் வருமுன் அணைகோல வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அணைகோலும் காலம் கோடை. விபத்து நடக்காத இந்நாளே நமக்குக் கோடை. அடுத்த போகத்துக் கூட்டத்தில் தண்ணீரைப் பற்றிப் பேசி முடித்தபின் எழுந்து போய்விடாதீர்கள். இன்னும் ஐந்து நிமிடம் இருந்து, இவ்வைந்து கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றி, கையொப்பமிட்டு, அரசாங்க அதிபருக்கு அனுப்புங்கள். பெயர்ப்பலகை மாட்டியவர்கள் பொறுப்பையும் மாட்டிக்கொள்ளட்டும்!